காவிரிப் படுகையில் புல்லட் மோட்டார் சைக்கிள்

புல்லட் என்பது ராயல் என்ஃபீல்ட் என்னும் வணிகப் பெயரில் முதலில் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலும், 1950களின் நடுப்பகுதியிலிருந்து சென்னைக்கு வடக்கே உள்ள திருவொற்றியூரிலும் செய்யப்பட்ட ஒற்றை உருளை மோட்டார் சைக்கிள் ஆகும். பிரித்தானியாவில் இவ்வகை வண்டிகளைச் செய்த தொழிற்சாலைகள் ஏறக்குறைய எல்லாமே மூடப்பட்ட பின்னரும், ஒரு பிரித்தானிய வண்டி பெரிய மாற்றம் ஏதுமின்றித் தமிழ்நாட்டில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் செய்யப்பட்டு வந்தது. பழைய பிரித்தானிய மோட்டார் சைக்கிள்களின் மீதும் அவற்றின் பத்திரிகை விளம்பரங்களின் மீதும் பிற நாடுகளில் காணப்படும் ஏக்கம், தமிழ்நாட்டில் பெரும்பாலும் இந்த ஒரு வண்டியைச் சுற்றியே அமைந்துள்ளது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களை உள்ளடக்கிய காவிரிப் படுகையின் நெல் வட்டாரத்தில் புல்லட் ஒரு போக்குவரத்துச் சாதனமாக மட்டுமன்றி, நில உடைமையின் அடையாளமாகவும் அறியப்பட்டது.

பெயரும் சின்னமும்

ராயல் என்ஃபீல்ட் என்ற பெயரில் உள்ள என்ஃபீல்ட், இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் பகுதியில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையின் ஊர்ப்பெயராகும். மிதிவண்டி செய்துவந்த ரெட்டிச் நிறுவனம் அத்தொழிற்சாலைக்கு உதிரிப் பாகங்கள் செய்து கொடுத்ததை ஒட்டி 1890களில் இப்பெயரைச் சூட்டிக்கொண்டது. பீரங்கியைச் சின்னமாகவும், துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது என்னும் பொருள்படும் வாசகத்தை விளம்பரச் சொல்லாகவும் கொண்டது. நிறுவனத்தின் முதல் மோட்டார் சைக்கிள் 1901ஆம் ஆண்டு வெளிவந்தது. துப்பாக்கிக் குண்டைக் குறிக்கும் புல்லட் என்ற பெயர் 1932இல் முதன்முதலாக ஒரு வண்டிக்கு இடப்பட்டது.

ஆயுதத் தொழிலிலிருந்து மோட்டார் சைக்கிளுக்கு வந்தது இந்நிறுவனம் மட்டுமன்று. பி.எஸ்.ஏ. என்ற மூன்றெழுத்தின் விரிவே பர்மிங்காம் சிற்றாயுத நிறுவனம் என்பதாகும். அதன் சின்னம் ஒன்றோடொன்று சாய்த்து வைக்கப்பட்ட மூன்று துப்பாக்கிகள். தமிழ்நாட்டில் பி.எஸ்.ஏ. என்றால் பெரும்பாலோர்க்கு நினைவு வருவது மிதிவண்டிதான். 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் சென்னை அம்பத்தூரில் அப்பெயரில் மிதிவண்டிகளைச் செய்து விற்றது இதற்குக் காரணமாகும்.

இந்தியாவுக்கு வந்த விதம்

விடுதலைக்கு முன்னர் நார்ட்டன், டிரையம்ப், பி.எஸ்.ஏ., ஏரியல், மேட்ச்லெஸ் முதலிய பிரித்தானிய வண்டிகள் கப்பல் வழியாக இறக்குமதி ஆயின. இரண்டாம் உலகப் போரின் போது பிரித்தானியப் படைகளுக்காகப் பேரளவில் மோட்டார் சைக்கிள்கள் செய்யப்பட்டன. பி.எஸ்.ஏ. எம்20 வகை மட்டும் ஒரு இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. போர் முடிந்த பின் படைகள் கழித்துவிட்ட வண்டிகளில் ஒரு பகுதி இந்தியாவில் பொதுமக்கள் கைக்கு வந்து சேர்ந்தது.

கே. ஆர். சுந்தரம் ஐயரின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் 1949 முதல் ராயல் என்ஃபீல்ட் வண்டிகளை இந்தியாவில் விற்கத் தொடங்கியது. பின்சக்கரத்திற்கும் அதிர்வுதாங்கி பொருத்தப்பட்ட புதிய புல்லட் இங்கிலாந்தில் வெளிவந்து சிறிது காலமே ஆகியிருந்த நேரம் அது. எல்லைக் காவலுக்கு உறுதியான வண்டி தேடிய இந்தியத் தரைப்படை 350 சிசி புல்லட்டைத் தெரிவு செய்தது. இதன் முதல் கொள்முதலைப் பற்றி இருவேறு கணக்குகள் வழங்குகின்றன. 1952இல் 500 வண்டிகள் என்பது ஒன்று. 1954இல் 800 வண்டிகள் என்பது மற்றொன்று. எவ்வாறாயினும், வரலாற்றைத் திருப்பியது இந்தக் கொள்முதலே எனலாம்.

அக்காலத்தில் இந்திய அரசு, முழு வண்டிகளை இறக்குமதி செய்து விற்பதைக் கட்டுப்படுத்தி, உள்நாட்டில் செய்வதற்குத் திட்டம் உள்ளவர்களுக்கே இடம் கொடுக்கும் கொள்கையைக் கைக்கொண்டது. இதனால் பல பிரித்தானியப் பெயர்கள் இந்தியச் சாலைகளில் புதிதாக வருவது நின்றுபோயிற்று. புல்லட்டுக்கு மட்டும் வேறு வழி திறந்தது.

திருவொற்றியூர்

1955இல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்சும் கூட்டாக என்ஃபீல்ட் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. திருவொற்றியூர்த் தொழிற்சாலை 1956இல் திறக்கப்பட்டது. முதலில் இங்கிலாந்திலிருந்து பாகங்களாக வந்தவற்றை இங்கு ஒன்றுசேர்த்தனர். அவ்வாண்டின் முடிவுக்குள் 163 வண்டிகள் உருவாயின. 1957இல் வார்ப்படக் கருவிகளும் இந்திய நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. 1962 அளவில் வண்டியின் எல்லாப் பாகங்களும் இந்தியாவிலேயே செய்யப்படலாயின.

இதற்கிடையே தாய் நிறுவனம் நலிந்தது. சப்பானிய வண்டிகளின் போட்டியைத் தாங்க முடியாமல் பிரித்தானிய மோட்டார் சைக்கிள் தொழில் முழுவதும் சரிந்தது. ரெட்டிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. பிராட்போர்ட் ஆன் ஏவன் என்னும் ஊரில் நடந்துவந்த எஞ்சிய பணியும் 1970இல் நின்றது. அதன் பின் ராயல் என்ஃபீல்ட் மரபில் உயிரோடு இருந்தது திருவொற்றியூர்ப் பிள்ளை மட்டுமே. 1977இல் என்ஃபீல்ட் இந்தியா தன் புல்லட்டைப் பிரித்தானியாவுக்கே ஏற்றுமதி செய்யத் தொடங்கியது. தம் இளமைக்கால வண்டியைப் புதிதாக வாங்க விரும்பிய ஆங்கிலேயர்கள் சென்னையில் செய்த வண்டியை வாங்கினர்.

வண்டி மாறாமல் இருந்தமைக்குப் பற்று ஒரு காரணமன்று. மூடிய சந்தை, உரிம முறை, இராணுவத்தின் மற்றும் காவல்துறையின் தொடர்ந்த கொள்முதல் ஆகியவையே காரணங்கள். போட்டி இல்லாத இடத்தில் மாற்ற வேண்டிய தேவையும் எழவில்லை. 1984-86 காலத்தில் இண்ட்-சுசுகி, ஹீரோ ஹோண்டா, யமகா ஆர்எக்சு 100, கவாசாகி பஜாஜ் ஆகிய நூறு சிசி வண்டிகள் சப்பானியக் கூட்டுறவுடன் வந்தபோது புல்லட்டின் விற்பனை தளர்ந்தது. 1990இல் ஐச்சர் குழுமம் இந்நிறுவனத்தில் கால்பதித்தது. 1994இல் நிறுவனம் அக்குழுமத்தின் வசமானது. பழைய இரும்பு உருளை எந்திரம் 2000களின் இறுதியில் கைவிடப்பட்டு, எந்திரமும் பற்சக்கரப் பெட்டியும் ஒரே கூட்டில் அமைந்த புதிய எந்திரம் வந்தது. 2023 செப்டம்பரில் வெளிவந்த புல்லட் 350 பெயராலும் தோற்றத்தாலும் மட்டுமே பழைய வண்டியின் வழித்தோன்றல்.

எந்திரத்தின் இயல்பு

பழைய 350 சிசி புல்லட்டின் உருளை விட்டம் 70 மில்லிமீட்டர், வீச்சு 90 மில்லிமீட்டர். கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். விட்டத்தை விட வீச்சு நீளமாக இருப்பதால் எந்திரம் குறைந்த சுழற்சியிலேயே நல்ல இழுவிசையைத் தரும். ஒவ்வொரு வெடிப்பையும் தனித்தனியே எண்ணிவிடலாம் போன்ற அதன் ஒலிக்கும் இதுவே காரணம். விரைவாகச் செல்லும் வண்டி அன்று. தடை (பிரேக்கு) வலுக்குறைந்தது என்பதைப் பற்றாளர்களும் ஒப்புக்கொள்வர்.

வண்டியை உயிர்ப்பிப்பது தனிக்கலை. சாவியைத் திருப்பிய பின் கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். முகப்பு விளக்குக் கூட்டில் உள்ள அம்மீட்டரின் முள் ஒருபக்கம் சாய்ந்து பின் நடுவுக்குத் திரும்பும். சி.பி. பாயிண்ட் திறந்துவிட்டது என்பதற்கு அதுவே அறிகுறி. பிஸ்டன் உச்சிக்கு வந்து கிக்கர் இறுகி நிற்கும்போது, டீகம்ப்ரசர் என்னும் சிறு கைப்பிடியை இழுத்து உருளையில் உள்ள அழுத்தத்தை வெளியேற்றி, பிஸ்டனைச் சற்றே உச்சி கடக்கச் செய்ய வேண்டும். பிறகு கைப்பிடியை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, உடல் எடை முழுவதையும் இறக்கி ஒரே உதை. முறை தெரிந்தவர்க்கு ஒரு உதை போதும். தெரியாதவர்க்குப் பத்து உதையும் போதாது. தீப்பொறி நேரம் முந்தி இருந்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்காலில் வீக்கத்துடன் மருத்துவரிடம் சென்றவர்கள் பலர்.

கியர் வலது காலிலும் பிரேக்கு இடது காலிலும் இருந்தன. முதல் கியர் மேலே, மற்றவை கீழே. இது பழைய பிரித்தானிய வழக்கம். சப்பானிய வண்டிகளில் பழகியவர் புல்லட்டில் ஏறி, பிரேக்கு என்று நினைத்துக் கியரை மிதிப்பது இயல்பாக நேர்ந்தது. கியர் மிதிக்கு அருகே நியூட்ரலைக் கண்டுபிடிக்கவென்றே ஒரு தனி நெம்புகோலும் உண்டு. முகப்பு விளக்கின் இருபுறமும் அமைந்த சிறு விளக்குகள் 1954ஆம் ஆண்டின் ரெட்டிச் வடிவமைப்பிலிருந்து வந்தவை. பழைய விளம்பரப் படங்களில் வண்டியை அடையாளம் காண இவையே எளிய வழி.

நெல் வட்டாரத்தில்

படுகை நிலம் மட்டமானது. பிரித்தானிய நிறுவனங்கள் மலையேற்றப் போட்டிகளில் பெற்ற வெற்றிகளைத் தம் விளம்பரங்களில் பெருமையாக வெளியிட்டன. தஞ்சை வட்டாரத்தில் ஒரு வண்டி ஏறவேண்டிய உயரமோ ஆற்றுப்பாலமும் வாய்க்கால் கரையும்தான். வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு எனக் கிளைத்துச் செல்லும் ஆறுகளின் கரைப்பாதைகளில், மழைக்காலத்துக் களிமண்ணில், மெதுவாகவும் நிற்காமலும் செல்லும் வண்டியே தேவைப்பட்டது. நீள்வீச்சு எந்திரம் இதற்குப் பொருந்தியது. பின்னால் ஒரு நெல் மூட்டையையோ உர மூட்டையையோ ஏற்றினாலும் அது திணறுவதில்லை.

பொருந்தினாலும் வாங்க வல்லவர் சிலரே. 1960இல் தஞ்சாவூர் மாவட்டம் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்துக்குத் தெரிவு செய்யப்பட்டது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1965இல் வெளியிட்ட ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல் குறுவைப் பட்டத்தில் பரவியது. குறுவையும் தாளடியுமாக இரு போகம் எடுத்த நிலவுடைமையாளர்களின் கையில் பணம் புழங்கியது. இழுவை எந்திரம், நீர் இறைக்கும் எந்திரம் ஆகியவற்றோடு மோட்டார் சைக்கிளும் பண்ணை வீடுகளுக்குள் நுழைந்த காலம் இது. மிராசுதார், அரிசி ஆலை உரிமையாளர், ஒப்பந்தக்காரர், காவல் ஆய்வாளர் ஆகியோரின் வண்டியாகப் புல்லட் அறியப்பட்டது. தமிழ்த் திரைப்படங்களில் ஊர்ப் பெரிய மனிதரைக் காட்ட இயக்குநர்கள் அவரைப் புல்லட்டில் ஏற்றிவிடுவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

1990களின் முற்பகுதியில் வந்த டீசல் புல்லட் தனியே குறிப்பிடத்தக்கது. டாரசு என்ற பெயரில் விற்கப்பட்ட இதில் கிரீவ்சு லம்பார்டினியின் 325 சிசி டீசல் எந்திரம் பொருத்தப்பட்டிருந்தது. பேரளவில் செய்யப்பட்ட டீசல் மோட்டார் சைக்கிள்களுள் இதுவே உலகில் முதலாவது என நிறுவனம் கூறியது. மிக மெதுவாகச் செல்லும், உடலெல்லாம் அதிரும், ஆயினும் எரிபொருள் செலவு மிகக் குறைவு. மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானதும் இதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. விளம்பரங்களில் இடம்பெற்ற பெருமித வண்டிகளை விட, வேளாண் வட்டாரத்தின் தேவைக்கு நெருக்கமாக இருந்தது இதுவே என்று கருத இடமுண்டு. ஆயினும் இதற்காக ஏங்குவோர் மிகச் சிலரே.

பழைய விளம்பரங்கள்

பிரித்தானிய மோட்டார் சைக்கிள் விளம்பரங்களின் தாயகம் 1903இல் தொடங்கிய தி மோட்டார் சைக்கிள் போன்ற இலண்டன் வார இதழ்களாகும். ஒவ்வொரு நிறுவனமும் ஒரு வாசகத்தைப் பல ஆண்டுகள் விடாமல் பயன்படுத்தியது. நார்ட்டன் தன்னை நெருங்க முடியாதது என்றது. நான்கில் ஒன்று எம்முடையது என்று பி.எஸ்.ஏ. தன் விற்பனையைச் சுட்டியது. பிரான்சிசு-பார்னெட் பாலத்தைப் போலக் கட்டப்பட்டது என்றது. உலகின் மிக விரைவான வழக்கமான வண்டி எமதே, இது விளம்பரச் சொல் அன்று, உண்மை என்று வின்சென்ட் நிறுவனம் அறிவித்தது. மற்ற எல்லாருடைய வாசகங்களும் வெறும் சொல்லே என்னும் குத்தலும் அதில் அடங்கியிருந்தது. படங்களில் பசுமையான சிற்றூர்ப் பாதையும், பின்னிருக்கையில் கழுத்துத்துணி பறக்க அமர்ந்த பெண்ணும் திரும்பத் திரும்ப வருவர்.

தமிழ் இதழ்களின் விளம்பரங்களுக்கு வேறொரு கதை உண்டு. ஆனந்த விகடன், கல்கி, குமுதம் முதலிய இதழ்களைத் தமிழ்க் குடும்பங்கள் சேமித்தது விளம்பரங்களுக்காக அன்று. தொடர்கதைப் பக்கங்களை மட்டும் வாரந்தோறும் கிழித்தெடுத்துத் தைத்து, அட்டை போட்டு வைத்துக்கொள்வது பரவலான வழக்கம். எஞ்சிய தாள்கள் கடைகளில் பொட்டலமாயின. ஆகவே பழைய விளம்பரங்களுள் பல, தொடர்கதையின் பின்பக்கத்தில் அச்சாகியிருந்த தற்செயலால் மட்டுமே தப்பின. சென்னையில் பழைய இதழ்களுக்குப் பெயர்பெற்ற மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையானதும் ஓர் இழப்பு. இதழ்களை முழுமையாகக் காண விரும்புவோர்க்கு, கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்தவற்றை அடிப்படையாகக் கொண்டு 1994இல் சென்னையில் அமைந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் முக்கியமான இடமாகும்.

பழைய பிரித்தானிய விளம்பரங்களின் மறுஅச்சுகள் சட்டமிட்ட படங்களாக உணவகங்களிலும் வீட்டுக் கூடங்களிலும் தொங்குகின்றன. இவற்றைத் தொங்கவிடுவோர் பலர் அவ்விளம்பரம் வெளிவந்த காலத்தில் பிறந்திராதவர்கள். அவர்கள் நினைவுகூர்வது தாம் கண்ட ஒன்றை அன்று. என்ஃபீல்ட் நிறுவனமும் இதனை நன்கு அறிந்திருந்தது. 2009இல் வெளிவந்த கிளாசிக் என்னும் வண்டி பழைய ரெட்டிச் வடிவத்தை வேண்டுமென்றே ஒத்திருந்தது. 2017இல் சில வண்ணங்களுக்கு ரெட்டிச் என்றே பெயரிடப்பட்டது.

ஏக்கத்தின் மறுபக்கம்

புல்லட்டின் ஒலி தொலைவிலேயே கேட்கும். அந்த ஒலி எல்லார்க்கும் ஒரே பொருளைத் தரவில்லை. தஞ்சை மாவட்டம் நிலக்குவிப்புக்கும் பண்ணையாள் முறைக்கும் பெயர்போனதாக இருந்தது. இங்கு நடந்த போராட்டங்களின் விளைவாக 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் இம்மாவட்டத்துக்கென்றே இயற்றப்பட்டது. நில உச்சவரம்பு 1961இல் 30 தர ஏக்கராகவும் 1970இல் 15 தர ஏக்கராகவும் வரையறுக்கப்பட்டது. கூலி உயர்வுப் பிணக்கின் உச்சமாக 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 தலித் மக்கள் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். இத்தகைய வட்டாரத்தில் வயல் வரப்பை நோக்கி வரும் புல்லட்டின் ஒலி, நடவு நட்டுக்கொண்டிருந்தவர்க்கு மேற்பார்வையின் ஒலியாகவும் இருந்தது. பழைய வண்டிகளைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் இருக்கையில் அமர்ந்தவரின் நினைவிலிருந்தே எழுதப்படுகின்றன.

யார் புல்லட் ஓட்டலாம் என்ற கேள்வி பழங்கதை ஆகிவிடவில்லை. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் தலித் கல்லூரி மாணவர் ஒருவர் கைகளில் வெட்டப்பட்டார். அவர் புல்லட் ஓட்டியதைப் பொறுக்காமலேயே ஆதிக்கச் சாதியினர் தாக்கினர் என்று குடும்பத்தார் குற்றம் சாட்டினர். மூவர் கைது செய்யப்பட்டனர். சிவகங்கை காவிரிப் படுகையைச் சேர்ந்தது அன்று. எனினும் இவ்வண்டிக்குத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஏற்றப்பட்டுள்ள பொருளை இந்நிகழ்வு காட்டுகிறது. தவணைக் கடன் பரவலான பின், வெளிநாடு சென்று உழைத்த தொழிலாளரின் பிள்ளைகளும் புல்லட் வாங்குகின்றனர். பழைய மிராசு வீடுகளின் பிள்ளைகள் பலர் நிலத்தை விட்டு நகரங்களுக்குச் சென்றுவிட்டனர்.

பழைய வண்டிகளும் சட்டமும்

இந்திய அரசு 2021 சூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த, மூல வடிவம் கெடாத வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதிவு செய்ய வழி செய்தது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவெண்ணில் வி.ஏ. என்னும் எழுத்துகள் இடம்பெறும். கண்காட்சி, பழைய வண்டிகளின் அணிவகுப்பு, ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பழுது நீக்கல் ஆகியவற்றுக்கு மட்டுமே இவற்றைச் சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கும் வணிகத்துக்கும் இடமில்லை.

இவ்விதி சேகரிப்பாளர்க்கு ஏற்றது. 1970இல் வாங்கிய புல்லட்டை இன்றும் வயலுக்கு ஓட்டிச் செல்லும் குடும்பத்துக்கு இது உதவாது. அவ்வண்டி பழம்பெரும் வண்டி ஆக வேண்டுமானால் வயலுக்குச் செல்வதை நிறுத்திக்கொள்ள வேண்டும். நிறுத்தாவிட்டால், வழக்கமான வண்டியாகவே அவ்வப்போது தகுதி பார்த்துப் பதிவைப் புதுப்பித்து வர வேண்டும். பல வண்டிகளின் சிக்கல் இதைவிட எளியது. ஆர்.சி. புத்தகம் தொலைந்திருக்கும், அல்லது இறந்துபோன பாட்டனார் பெயரிலேயே இருக்கும். எந்திரம் ஓடினாலும் ஆவணம் இல்லாத வண்டி பழைய இரும்பு விலைக்கே போகும்.

பழுது பார்ப்போரின் நிலையும் இதோடு சேர்ந்தது. டாப்பெட் இடைவெளியைக் கைவிரலால் உணர்ந்தும், தீப்பொறி நேரத்தைக் காதால் கேட்டும் சரிசெய்யும் மெக்கானிக்குகள் தலைமுறை முதிர்ந்துவிட்டது. புதிய எந்திரங்களில் எரிபொருள் தெளிப்பு மின்னணுவியலால் இயக்கப்படுவதால் இத்திறனுக்கு அங்கு வேலை இல்லை. உதிரிப் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. பழைய வண்டி ஒன்றை ரெட்டிச் வண்டி போலத் தோற்றம் மாற்றி மிகுந்த விலைக்கு விற்போரும் உள்ளனர். எந்திர எண்ணையும் சட்ட எண்ணையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வாங்குவோர்க்கு இன்றியமையாதது.

பிற பிரித்தானியப் பெயர்கள்

புல்லட் சென்ற வழியில் வேறு சில பெயர்களும் இந்தியர் வசம் வந்துள்ளன. பி.எஸ்.ஏ. பெயரை மகிந்திரா குழுமத்தைச் சேர்ந்த கிளாசிக் லெஜண்ட்ஸ் நிறுவனம் 2016இல் வாங்கி, கோல்டு ஸ்டார் வண்டியை 2021இல் பிரித்தானியாவிலும் 2024இல் இந்தியாவிலும் வெளியிட்டது. டிரையம்ப் நிறுவனம் பஜாஜுடன் கூட்டுச் சேர்ந்து செய்த 400 சிசி வண்டிகள் 2023இல் வந்தன. நார்ட்டனை ஓசூரில் தொழிற்சாலை கொண்ட டி.வி.எஸ். மோட்டார் நிறுவனம் 2020 ஏப்ரலில் 16 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியது. நார்ட்டனின் தொழிற்சாலை தொடர்ந்து இங்கிலாந்திலேயே, பர்மிங்காமை அடுத்த சோலிகல்லில் அமைக்கப்பட்டது.